வீட்டில் கதை வாசித்துப் பதிவு செய்யும்போது வரும் 'ஸ்ஸ்' இரைச்சலைக் குறைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒருவர் வீட்டில் ஓர் அறையில் அமர்ந்து சிறுகதைகளை வாசித்துப் பதிவு செய்கிறார். அவரிடம் ஒரு டைனமிக் மைக் (காந்தத்தின் நடுவே அசையும் சுருளால் சமிக்ஞை தருவது), அதை யுஎஸ்பி வழியாக மடிக்கணினியில் இணைக்கும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஆகியவை இருக்கின்றன. கெயின் குமிழை (மைக்கின் சமிக்ஞை எவ்வளவு பெருக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது) ஏறக்குறைய முழுவதும் திருப்பினால்தான் குரல் போதிய அளவுக்கு ஏறுகிறது. அப்படி ஏற்றியதும் வாக்கியங்களுக்கு நடுவே 'ஸ்ஸ்' என்று சீரான இரைச்சல் கேட்கிறது. மென்பொருளில் அதை நீக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. டைனமிக்கைவிட வலுவான சமிக்ஞை தரும் நல்ல கண்டன்சர் மைக் ஒன்று வாங்கினால் இது தீருமா என்று கேட்கிறார்.

தீரலாம், தீராமலும் போகலாம். இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் பணம் வீணாகத்தான் வாய்ப்பு அதிகம். குரலோடு ஒப்பிட இரைச்சல் எவ்வளவு என்பதே கேட்பவரைப் பாதிக்கிறது. இரைச்சலின் தனி அளவு அல்ல. ஆகவே இரைச்சலைக் குறைப்பதைப் போலவே, இரைச்சல் வந்து சேரும் இடத்துக்கு முன்பாகவே குரலைப் பெரிதாக்குவதும் ஒரு வழி. பெரும்பாலான வீட்டுப் பதிவுகளில் இரண்டாவது வழிதான் செலவில்லாதது. பலன் அதிகம் தருவதும் அதுவே. இரைச்சல் கலந்த பிறகு செய்கிற எந்த வேலையும் குரலில் கொஞ்சத்தைக் கூலியாக வாங்கிக்கொண்டுதான் நடக்கும்.

முதலில், கேட்பது உண்மையிலேயே 'ஸ்ஸ்' இரைச்சல்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கம்பிகளின் வழியாகவோ மின்னிணைப்பின் வழியாகவோ ஊடுருவும் தொல்லை 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில் 'ம்ம்ம்' என்ற உறுமலாகக் கேட்கும். கணினியின் யுஎஸ்பி வழியாக வரும் தொல்லை பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் மெல்லிய விசிலாகக் கேட்கும். யுஎஸ்பி ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் ஒரு முறை தரவை அடுக்கி அனுப்புவதே அதற்குக் காரணம். இவ்விரண்டுக்கும் மருந்து வேறு: சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பார்ப்பது, கம்பியை மாற்றுவது, இன்டர்ஃபேஸை வேறு துளையில் செருகுவது. 'ஸ்ஸ்' இரைச்சல் இப்படி ஒரு குறிப்பிட்ட சுருதியில் நிற்காது. கேட்கக்கூடிய அலைவரிசை முழுவதும் பரவியிருக்கும். அதனால்தான் அதை வடிகட்டி எடுப்பது கடினம், அதுவும் குரலும் ஒரே இடத்தில் குடியிருக்கின்றன.

அந்த இரைச்சலில் ஒரு பகுதி இயற்கையின் விதி. மின்தடை உள்ள எந்தப் பொருளிலும் வெப்பத்தின் காரணமாக எலக்ட்ரான்கள் ஒழுங்கின்றி அலைந்துகொண்டே இருக்கின்றன, அந்த அலைச்சல் மிகச் சிறிய மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் ஜான்சன் அதை அளந்து காட்டினார், ஹாரி நைக்விஸ்ட் அதன் கணக்கை விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளியாயின. 150 ஓம் மின்தடை கொண்ட ஒரு மைக் சுருள், அறை வெப்பநிலையில் சும்மா இருந்தாலே ஏறத்தாழ −131 டிபியு அளவுக்கு இரைச்சலைத் தரும் (டிபியு என்பது மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அளவு; எண் கீழே இறங்க இறங்க அமைதி கூடும்). இன்டர்ஃபேஸுக்குள் மைக்கின் சமிக்ஞையைப் பெருக்கும் பகுதியான மைக் ப்ரீஆம்ப் எதுவும் அதற்குக் கீழே போக முடியாது. இன்றைக்கு விற்கும் நல்ல இன்டர்ஃபேஸ்களின் விவரத்தாளில் உள்ளீட்டு இரைச்சல் −127 அல்லது −128 டிபியு என்று போட்டிருப்பார்கள். அதாவது இயற்கை விதித்த எல்லைக்கு 3 அல்லது 4 டெசிபல் பக்கத்தில் அவை ஏற்கெனவே வந்துவிட்டன. அதற்கு மேல் விலை கொடுத்து வாங்கும் ப்ரீஆம்பில் வேறு நன்மைகள் இருக்கலாம். ஆனால் 'ஸ்ஸ்' விஷயத்தில் அது பெரிதாக எதையும் தந்துவிட முடியாது.

வீட்டுப் பதிவில் இரைச்சல் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: அறை, மைக்கின் சொந்த இரைச்சல், ப்ரீஆம்ப். இவை மூன்றும் நேராகக் கூடுவதில்லை, ஆற்றல் கணக்கில் கூடுகின்றன. 35 டெசிபல் இரைச்சலோடு 23 டெசிபல் இரைச்சலைச் சேர்த்தால் கிடைப்பது 58 அல்ல, 35.3 மட்டுமே. இந்தச் சிறு கணக்கில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது: பெரிய இரைச்சல் அப்படியே இருக்கும்போது சின்னதை முற்றிலும் ஒழித்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே மூன்றில் எது பெரிது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில் மைக்கை வைத்தால் அங்கே அது சுமார் 76 டெசிபலாகிவிடும். கெயின் அதிகம் கேட்பதில் பேர்போன ஷூர் எஸ்எம்7பி மைக்கை எடுத்துக்கொள்வோம். 94 டெசிபல் ஒலிக்கு அது தருவது 1.12 மில்லிவோல்ட் மட்டுமே. −128 டிபியு இரைச்சல் உள்ள இன்டர்ஃபேஸில் அதைச் செருகினால், மொத்த மின்னணு இரைச்சலும் மைக்கின் முன்னால் 23 டெசிபல் ஒலி இருப்பதற்குச் சமமாகும். குறைந்த விலைக் கண்டன்சரான ஆடியோ-டெக்னிகா ஏடி2020இன் சொந்த இரைச்சல் 20 டெசிபல். இரண்டுக்கும் இடையே 3 டெசிபல்தான் வித்தியாசம். ரோட் என்டி1-ஏ போன்ற மைக்கின் சொந்த இரைச்சல் 5 டெசிபல். அது உண்மையிலேயே அமைதியான மைக். ஆனால் ஜன்னல்களைச் சாத்திய ஒரு நகரத்து அறையிலேயே 35 டெசிபல் இரைச்சல் இருப்பது சாதாரணம். அந்த அறையில் 23, 20, 5 ஆகிய மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விளைவைத்தான் தரும்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கணக்கு உங்களை ஏமாற்றிவிடும். அறையின் இரைச்சல் பெரும்பாலும் கீழ் அலைவரிசைகளில் குவிந்திருக்கும்: தெருவில் போகும் வண்டிகள், பக்கத்து அறைக் குளிர்சாதனப்பெட்டி, மாடியில் ஓடும் மோட்டார். ப்ரீஆம்பின் இரைச்சல் மேல் அலைவரிசைகளிலும் அதே அளவுக்குப் பரவியிருக்கும், நம் காதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மிகவும் கூர்மையானது. ஆகவே மொத்தக் கணக்கில் அறைதான் பெரிது என்றாலும், 'ஸ்ஸ்' என்று காதில் விழுவது ப்ரீஆம்பாக இருக்கலாம். மறுபக்கம், ஏசியிலிருந்து வீசும் காற்றும் மின்விசிறியும் மடிக்கணினியின் உள்விசிறியும் எழுப்பும் ஓசையும் பதிவில் 'ஸ்ஸ்' என்றேதான் கேட்கும். காதால் மட்டும் பிரித்தறிய முடியாது என்பதால் சோதனை தேவைப்படுகிறது.

சோதனை எளியது. நீங்கள் வழக்கமாகப் பதிவு செய்யும் அதே கெயின், அதே இடம், அதே நேரம். வாசிக்காமல் இருபது வினாடி பதிவு செய்யுங்கள். அடுத்து, குமிழைத் தொடாமல், மைக்கைத் தடித்த போர்வையில் நன்றாகச் சுற்றி, துணிகள் நிறைந்த பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, மீண்டும் இருபது வினாடி பதிவு செய்யுங்கள். இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து ஆர்எம்எஸ் அளவை, அதாவது சராசரி ஒலிவலிமையைப் பாருங்கள். 'ஸ்ஸ்' மட்டும் எப்படி மாறுகிறது என்று அறிய, இரண்டு துண்டுகளின் நகல்களிலும் 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பீரோவுக்குள் போனதும் அளவு 8, 10 டெசிபல் இறங்கினால் குற்றவாளி அறை. ஒன்றிரண்டு டெசிபல்கூட மாறவில்லை என்றால் இரைச்சல் மின்னணுவில் பிறக்கிறது. மைக்கையே கழற்றிவிட்டு அளப்பது சரியான முறையல்ல. ஒன்றும் இணைக்காத உள்ளீடு சில இன்டர்ஃபேஸ்களில் மைக் இணைத்திருக்கும்போது தருவதைவிட அதிக இரைச்சலைத் தரும். சாலிடரிங் தெரிந்தவர்கள் மைக் கம்பியில் இருக்கும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் இணைப்பி ஒன்றின் 2, 3ஆம் முனைகளுக்கு நடுவே 150 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்துச் செருகினால் ப்ரீஆம்பின் உண்மையான இரைச்சல் கிடைக்கும். இன்னொன்று: நீங்கள் கேட்கும் இரைச்சல் பதிவில்தான் இருக்கிறதா, ஹெட்போன் ஆம்ப்பிலிருந்து வருகிறதா என்பதையும் சரிபாருங்கள். மலிவான ஹெட்போன் துளைகள் தாமாகவே சீறும்.

எது குற்றவாளியானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே, மைக்கை நெருங்குவது. தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். அறை இரைச்சல் கூடாது, ப்ரீஆம்ப் இரைச்சலும் கூடாது. 30 சென்டிமீட்டரிலிருந்து 15க்கு வருவது, உள்ள இரைச்சலை எல்லாம் பாதி மின்னழுத்தத்துக்கு இறக்குவதற்குச் சமம். 15இலிருந்து 8க்கு வந்தால் கிட்டத்தட்ட இன்னொரு 6. பன்னிரண்டு டெசிபலை இவ்வளவு மலிவாகத் தரும் கருவி எந்தக் கடையிலும் இல்லை. இதற்கு இரண்டு விலைகள் உண்டு. மிக அருகில் 'ப', 'ட' போன்ற வெடிப்பொலிகளின் காற்று மைக்கில் மோதும். அதற்கு பாப் ஃபில்டர் (காற்றைத் தடுக்கும் வலைத்திரை) வைத்து, மைக்கை வாய்க்கு நேராக அல்லாமல் வாயின் ஓரத்தில் சற்றுச் சாய்த்து, அதன் முகப்பு உதடுகளை நோக்கி இருக்குமாறு நிறுத்த வேண்டும். இரண்டாவது, முன்பக்க ஒலியை அதிகமாகக் கேட்கும் கார்டியாய்டு வகை மைக்குகளில் நெருக்கம் குரலின் கீழ்ச்சுருதியைப் பெருக்கிக் காட்டும். ஆண்குரலுக்கு இது சில நேரம் அழகு, சில நேரம் மந்தம். பின்னர் 150 ஹெர்ட்ஸ் சுற்றில் சற்றுக் குறைத்தால் சரியாகிவிடும். அப்படிக் குறைப்பதால் இரைச்சல் கூடாது என்பதால் இது நல்ல பேரம்.

நெருங்குவதோடு தலையை அசைக்காமல் வைத்திருப்பதும் முக்கியம். 8 சென்டிமீட்டரில் வாசிப்பவர் பக்கத்தைப் புரட்டக் குனியும்போது 16க்குப் போய்விட்டால் குரல் 6 டெசிபல் விழும். அதைப் பிறகு தூக்கிச் சமன் செய்யும்போது அந்த வரியில் மட்டும் இரைச்சல் எழும்பும். வாசிக்கும் தாளையோ திரையையோ மைக்குக்கு நேர் பின்னால், கண் மட்டத்தில் வைப்பதே இதற்கு வழி. கார்டியாய்டு மைக் தனக்கு நேர் பின்னால் இருப்பதைத்தான் மிகக் குறைவாகக் கேட்கும் என்பதால் மடிக்கணினிக்கும் அந்தத் திசையே ஏற்றது. வேறு அறையில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கண்டன்சர் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி காண்கிற ஒரு கோளாறும் உண்டு: பக்கவாட்டிலிருந்து பேச வேண்டிய மைக்கை, மேடை மைக் போல நுனியைப் பார்த்துப் பேசுகிறார்கள். குரல் மெலிந்து ஒலிப்பதும், கெயின் ஏறுவதும், 'ஸ்ஸ்' கேட்பதும் அதன் தொடர்விளைவுகள்.

அறையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சு அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வரும் ஓசையைத் தடுக்காது. தடுப்பதற்கு எடை வேண்டும், இடுக்கில்லாத மூடல் வேண்டும். முட்டை அட்டை இரண்டையுமே செய்யாது. அது தூசியை மட்டும் சேர்த்து வைக்கும். ஆகவே வாடகை வீட்டில் இருப்பவர் ஒலித்தடைக்காகச் சுவரோடு போராடுவதைவிட, அமைதியான நேரத்தையும் வீட்டின் உள்ளறையையும் தேர்ந்தெடுப்பதே விவேகம். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. நம் கோடையில் இது சாதாரண விஷயம் அல்ல என்பதால், அதிகாலையில் அரை மணி நேரத் துண்டுகளாகப் பதிவு செய்துவிட்டு, நடுவே விசிறியைப் போட்டுக்கொள்வது பலருக்கும் கைகொடுக்கிறது. குளிர்சாதனப்பெட்டியை அணைத்துவைப்பவர்கள், மறுபடி போட நினைவிருக்க வேண்டும் என்பதற்காக வீட்டுச் சாவியையோ கைப்பேசியையோ அதற்குள் வைக்கும் பழக்கம் ஒலிப்பதிவாளர்களிடையே உண்டு. வேடிக்கையாகத் தோன்றினாலும் பயனுள்ள பழக்கம்.

அடுத்து கெயின். 'கெயினைக் குறைத்தால் இரைச்சல் போய்விடும்' என்று பலரும் சொல்வார்கள், கேட்டுப் பார்த்தால் உண்மை போலவே இருக்கும். ஆனால் குரலும் அதே அளவுக்கு இறங்குகிறது. பிறகு மென்பொருளில் ஏற்றும்போது இரண்டும் சேர்ந்தே திரும்பி வரும். உண்மையில் பல ப்ரீஆம்புகளின் உள்ளீட்டு இரைச்சல் கெயின் அதிகமாக இருக்கும்போதுதான் சிறப்பாக இருக்கிறது, விவரத்தாளில் போடும் எண்ணும் பெரும்பாலும் உச்சக் கெயினில் அளந்தது. ஆகவே குரலைத் தூக்க வேண்டிய இடம் ப்ரீஆம்பே. 24 பிட்டில் பதிவு செய்து, உரத்த சொற்கள் மென்பொருளின் அளவுமானியில் (அதில் 0 என்பதே உச்ச எல்லை) −12 முதல் −6 டெசிபலுக்குள் தொடும்படி குமிழை நிறுத்தினால் போதும். விதிவிலக்கு ஒன்று: விலை குறைந்த சில கருவிகளில் குமிழின் கடைசிக் கால் அங்குலத்தில் இரைச்சல் மட்டும் திடீரென்று எகிறும். அப்படிப்பட்ட கருவியில் அந்த எல்லைக்குச் சற்று முன்பே நின்றுவிட வேண்டும்.

இன்டர்ஃபேஸ் இல்லாமல் காலர் மைக்கை நேராகக் கணினியின் 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகிப் பதிவு செய்பவர்கள் விண்டோஸில் 'மைக்ரோஃபோன் பூஸ்ட்' என்ற அமைப்பைப் பார்க்க வேண்டும். அது 10, 20, 30 டெசிபல் என்று படிகளில் ஏறும். 30இல் இருந்தால் 'ஸ்ஸ்' வருவதில் வியப்பில்லை. 10க்கு இறக்கி, மைக்கை நெருக்கி வைத்து, மீதியைச் சாதாரண ஒலியளவில் ஏற்றிப் பாருங்கள். கைப்பேசிகளிலும் பல கணினிகளிலும் தானியங்கிக் கெயின் கட்டுப்பாடு இருக்கும். வாசிப்பவர் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அது கெயினைத் தானே ஏற்றுவதால், மௌனத்தில் இரைச்சல் அலைபோல எழுந்து, குரல் தொடங்கியதும் அமுங்கும். இப்படி ஏறி இறங்கும் இரைச்சலைப் பின்னால் சரிசெய்வது மிகவும் சிரமம், அதை அணைக்க வழிதரும் பதிவுச் செயலியைப் பயன்படுத்துவதே நல்லது.

சோதனையில் ப்ரீஆம்ப்தான் குற்றவாளி என்று தெரிந்தால், மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே செருகும் சிறு பூஸ்டர் ஒன்று உதவலாம். கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் போன்றவை இன்டர்ஃபேஸ் மைக் கம்பி வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரத்தில் இயங்கி, டைனமிக் மைக்கின் மெல்லிய சமிக்ஞையை 25 டெசிபல் அளவுக்கு ஏற்றித் தருகின்றன. உள்ளீட்டு இரைச்சல் −120 டிபியு சுற்றில் நிற்கும் பழைய அல்லது மலிவான இன்டர்ஃபேஸில் இதன் பலன் தெளிவாகத் தெரியும். ஏற்கெனவே −128இல் இருக்கும் கருவியில் இது கெயின் குமிழை வசதியான இடத்துக்குக் கொண்டுவரும். இரைச்சலில் காதால் அறியும் மாற்றம் எதையும் தராது. ஆகவே உங்கள் இன்டர்ஃபேஸின் விவரத்தாளைப் பார்க்காமல் இதை வாங்க வேண்டாம்.

கண்டன்சர் மைக் பற்றிய கேள்விக்கும் இதே அளவுகோல்தான். ஏடி2020 அதே ஒலிக்கு 14.1 மில்லிவோல்ட் தருகிறது. முன்பு சொன்ன டைனமிக்கைவிட 22 டெசிபல் கூடுதல். −120 டிபியு ப்ரீஆம்பில் அந்த டைனமிக் மைக்கின் மொத்த இரைச்சல் 31 டெசிபலுக்குச் சமமாக இருக்கும். அதே ப்ரீஆம்பில் ஏடி2020 தன் சொந்த இரைச்சலான 20இலேயே நிற்கும். 11 டெசிபல் ஆதாயம் எவருக்கும் கேட்கும். நல்ல ப்ரீஆம்ப் இருந்தால் அந்த ஆதாயம் 3க்குச் சுருங்கிவிடுகிறது. 'கண்டன்சர் அறை இரைச்சலை எல்லாம் இழுத்துவிடும், டைனமிக் இழுக்காது' என்ற எச்சரிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே திசைக்கோலம் உள்ள இரண்டு மைக்குகளை ஒரே தூரத்தில் வைத்து, குரலைச் சமமாக்கினால், அறை இரைச்சலும் ஏறத்தாழச் சமமாகவே வரும். டைனமிக் மைக்கை எல்லோரும் உதட்டருகே வைத்துப் பேசுகிறார்கள், கண்டன்சரை ஒரு முழம் தள்ளி வைக்கிறார்கள் என்பதுதான் அந்த நம்பிக்கையின் வேர்.

இரைச்சல் கலப்பதற்கு முன்பே குரலைத் தூக்கிவிட வேண்டும் என்ற இந்த எண்ணம் புதிதல்ல. நாடாவில் பதிவு செய்த காலத்தில் 'ஸ்ஸ்' என்பது நாடாவின் காந்தத் துகள்களிலிருந்தே வந்தது. 1960களின் நடுவில் ரே டால்பி உருவாக்கிய முறையும், 1968இல் வந்து கேசட் கருவிகளில் எங்கும் பரவிய அதன் எளிய வடிவமான டால்பி பி முறையும், மெல்லிய ஒலிகளை நாடாவில் ஏறும் முன்பே உயர்த்திவிட்டு, கேட்கும்போது அதே அளவுக்குத் தாழ்த்தின. தாழ்த்தும்போது நாடாவின் இரைச்சலும் சேர்ந்து தாழ்ந்தது. இன்றைய கணினிப் பதிவில் நாடா இல்லை, ஆனால் ப்ரீஆம்புக்கு முன்னால் குரலை உயர்த்தும் வாய்ப்பு வாசிப்பவரின் வாய்க்கும் மைக்குக்கும் நடுவே இருக்கிற அந்தச் சில அங்குலங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகு எஞ்சும் இரைச்சலுக்குத்தான் மென்பொருள். ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷன் முதலில் வெறும் இரைச்சல் உள்ள ஒரு துண்டைக் கேட்டு, ஒவ்வோர் அலைவரிசைப் பட்டையிலும் அது எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. பிறகு பதிவு முழுவதிலும், அந்த அளவுக்குக் கீழே இறங்கும் பட்டைகளை எல்லாம் தாழ்த்துகிறது. இரைச்சல் கணத்துக்குக் கணம் மாறுவதால், சில பட்டைகள் அளவைத் தாண்டித் தப்பித்துச் சிறு மணியோசைகளாக ஒலிக்கும். தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போன்ற அந்தத் தோற்றம் இப்படித்தான் உண்டாகிறது. 20, 24 டெசிபல் என்று பேராசைப்பட்டுக் குறைக்கும்போது அது தப்பாமல் வரும். 6 முதல் 9 வரை குறைத்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அந்த விளைவில் 'ரெசிட்யூ' என்ற தேர்வு உண்டு: நீக்கப்படுவதை மட்டும் கேட்கலாம். அதில் உங்கள் குரலின் நிழலோ சொற்களோ காதில் விழுந்தால் அளவை மீறிவிட்டீர்கள் என்று பொருள். வெறும் 'ஸ்ஸ்' மட்டும் கேட்க வேண்டும்.

தமிழ் வாசிப்பில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் இருக்கின்றன. 'ச', 'ஸ', 'ஷ' ஆகிய உரசொலிகள் அமைப்பிலேயே இரைச்சலை ஒத்தவை என்பதால் மென்பொருள் முதலில் கடிப்பது அவற்றைத்தான். 'சொல்', 'செய்தி' போன்ற சொற்களின் தொடக்கம் மழுங்கியதா என்று ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரம். 'வந்தது', 'கேட்டு', 'விளக்கு' என்று முடியும்போது அந்த உகரம் தன் மாத்திரையில் பாதிதான் ஒலிக்கும், குரலும் அங்கே தணிந்திருக்கும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் எனப்படும் கதவுமுறையைக் கடுமையாக வைத்தால், அது அந்த உகரத்தை இரைச்சல் என்று நினைத்து நறுக்கிவிடும். கேட்பவருக்கு வாசிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் விழுங்குவதுபோல் தோன்றும். வாசிப்புப் பதிவில் கேட் வேண்டாம் என்பதே என் கருத்து. தேவையென்றால், 2:1 விகிதத்தில் மென்மையான எக்ஸ்பாண்டர் (மெல்லிய ஒலியை நறுக்காமல் சற்றே தாழ்த்துவது) ஒன்றை, 6 டெசிபலுக்கு மேல் தாழ்த்தாமலும், 200, 300 மில்லி வினாடி மெதுவாக மூடும்படியும் வைத்துப் பயன்படுத்தலாம்.

செயற்கை நுண்ணறிவால் குரலைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஒரு நேர்காணலைக் காப்பாற்றுவதற்கு அவை வரம். ஆனால் மணிக்கணக்கில் நீளும் கதை வாசிப்பில், மூச்சுகளைத் தின்பது, தணிந்த சொற்களின் நிறத்தை மாற்றுவது, ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் குரல் வேறாக ஒலிப்பது ஆகிய தொல்லைகள் உண்டு. வேறு வழியே இல்லாதபோது, முழு வலிமையில் அல்லாமல் மூலக் குரலோடு கலந்து பயன்படுத்துவது நல்லது.

எவ்வளவு குறைத்தால் போதும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆடிபில் தளத்துக்கு ஒலிநூல் தயாரிப்பவர்கள் பயன்படுத்தும் ஏசிஎக்ஸ் கேட்கும் விதிகள் இவை: குரலின் ஆர்எம்எஸ் −23க்கும் −18க்கும் இடையே, உச்சம் −3ஐத் தாண்டாமல், மௌனத்தின் இரைச்சல் −60க்கு மேல் போகாமல். அங்கே அனுப்பாதவர்களுக்கும் இது நல்ல இலக்கு. உங்கள் மூலப் பதிவில் குரல் −30, மௌனம் −72 என்று இருக்கிறது எனக் கொள்வோம், வித்தியாசம் 42. குரலை −20க்கு உயர்த்தினால் மௌனம் −62க்கு ஏறும், நூலிழையில் தேறிவிடும். ஆனால் அதற்கு நடுவே உரத்த ஒலிகளை அமுக்கும் கம்ப்ரசர் போட்டு, அமுக்கியதை ஈடுகட்ட 6 டெசிபல் ஏற்றியிருந்தால் மௌனம் −56 ஆகித் தோற்றுவிடும். ஆகவே முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டுவது, அடுத்து இரைச்சல் நீக்கம், பிறகு ஈக்வலைசர் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது), கடைசியாக மிதமான கம்ப்ரசரும் ஒலியளவு உயர்த்தலும் என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். கம்ப்ரசரை இரைச்சல் நீக்கத்துக்கு முன்னால் போட்டால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேறு வேறு அளவில் நிற்கும் இரைச்சலை மென்பொருளால் சரியாக அடையாளம் காண முடியாது.

வாக்கியங்களுக்கு நடுவே இருக்கும் மௌனத்தை முழுவதுமாக அழித்து வெறுமையாக்கிவிடும் பழக்கமும் வேண்டாம். குரலோடு சேர்ந்து மெல்லிய இரைச்சல் வந்து, குரல் நின்றதும் அதுவும் அறுபட்டால், இருந்ததைவிட அதிகமாகவே அது கண்டுபிடிக்கப்படும். பிழையான சொல்லையோ இருமலையோ நீக்கிய இடத்தில், அதே அறையில் எடுத்த மௌனத்தை ஒட்டுவதே முறை. அதற்காக ஒவ்வொரு முறை பதிவுக்கு அமரும்போதும், வாசிக்கத் தொடங்கும் முன் அசையாமல் பத்து வினாடி பதிவு செய்துகொள்ளுங்கள். மென்பொருளுக்குக் காட்ட வேண்டிய இரைச்சல் மாதிரியும் அதுவே. மைக்கின் இடமோ கெயினோ மாறிய மறுநாள் பழைய மாதிரி பொருந்தாது. அன்றைய பத்து வினாடியை அன்றைக்கே புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.